அப்பள ரோலரில் போன விரல்கள்: ஒரு நிகழ்வு ஆய்வு

பட்டறையின் நோட்டில் விபத்து ஒரே வரியில் முடிந்திருந்தது: ‘மாவு தள்ளும்போது கவனக்குறைவால் வலது கை ரோலரில் மாட்டியது.’ மேலே கணக்குப்பிள்ளையின் கையெழுத்து. கீழே காயம்பட்ட அம்மாவின் இடது கைப் பெருவிரல் ரேகை. அவருக்குக் கையெழுத்துப் போடத் தெரியும். போடுகிற கையில் அன்றைக்குக் கட்டு இருந்தது.

இழப்பீட்டு மனுவுக்கு மிஷினைப் பற்றி ஒரு குறிப்பு வேண்டும் என்று வழக்கறிஞர் ஒருவர் கேட்டதால்தான் நான் அங்கே போனேன். சிறு பட்டறைகளில் மிஷின்களைப் பார்த்துச் சொல்வது என் பிழைப்பு. கல்லிடைக்குறிச்சிப் பக்கம் ஒரு கிராமம். ஆளையும் பட்டறையையும் காட்டிக்கொடுக்கும் விவரங்களை விட்டுவிட்டு எழுதுகிறேன். நடந்தது 2022 புரட்டாசியில், தீபாவளிக்கு மூன்று வாரம் இருக்கையில்.

இடமும் வேலையும்

கல்லிடைக்குறிச்சி அப்பளத்தின் ருசிக்குத் தாமிரபரணித் தண்ணீர்தான் காரணம் என்று அந்த ஊர்க்காரர்கள் சத்தியம் செய்வார்கள். அதில் நான் தலையிடவில்லை. எனக்கு வேண்டியது மாவு. உளுந்து மாவு, உப்பு, அப்பளக்காரம் என்ற கார உப்பு, தண்ணீர். இதைப் பிசைந்து முன்பெல்லாம் எண்ணெய் தொட்டு உலக்கையால் இடிப்பார்கள். ரப்பர் போல இழுபட்டால்தான் அப்பளம் விரிசல் விடாமல் வட்டமாக வரும். அந்த இடிப்பைத்தான் இப்போது ரோலர் செய்கிறது. ஒன்றையொன்று பார்த்துச் சுற்றும் இரண்டு எஃகு உருளைகள். மேலிருந்து மாவைப் போட்டால் நசுங்கிக் கீழே பட்டையாக வரும். அதை மடித்து மறுபடி போட வேண்டும். ஒரு ஈடு மாவு இப்படிப் பத்துப் பன்னிரண்டு தடவை போய்வரும்.

பட்டறையின் மஸ்டரில், அதாவது வருகைப் பதிவேட்டில், ஒன்பது பேர். வீட்டுக்கு மாவு வாங்கிக்கொண்டு போய் அப்பளம் இட்டுத் தரும் பெண்கள் இருபதுக்கு மேல் உண்டு, அவர்கள் பெயர் எந்த நோட்டிலும் இல்லை. மின்சாரம் வைத்து ஓடும் இடத்தில் பத்துப் பேர் இருந்தால் அப்போது நடப்பிலிருந்த 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் உள்ளே வரும், ஈ.எஸ்.ஐ. என்ற தொழிலாளர் காப்பீடும் வரும். ஒன்பதில் நின்ற பட்டறைகள் நம் பக்கம் எத்தனை என்று யாராவது எண்ணிப் பார்க்கலாம்.

ரோலரில் மாவு போட்டவருக்கு வயது நாற்பது. ஆறு வருஷமாக அதே மிஷினில்தான் வேலை. மற்றவர்களுக்கு அவர் ‘மைனி’, அதாவது அண்ணி. தினக்கூலி 400 ரூபாய்.

அன்று காலை

முந்தின நாள் மேற்கே மேகம் கட்டியிருந்தது. வெயில் இருக்கும்போதே காயப்போட வேண்டும் என்பதால் வழக்கத்துக்கு முக்கால் மணி நேரம் முன்னதாக, விடியற்காலை ஐந்தே காலுக்கே மிஷினைப் போட்டிருக்கிறார்கள். ஆறே முக்கால் அளவில் நாலாவது ஈடு மாவு. முதல் ஓட்டம் என்பதால் உருளைகளுக்கு இடையே 8 மில்லிமீட்டர் இடைவெளி வைத்திருந்தது. மாவு கெட்டியாக இருந்ததால் உருளைகள் அதைக் கவ்வவில்லை. மேலேயே பாலம் கட்டி நின்றது. மைனி விரல்நுனிகளால் அழுத்திவிட்டிருக்கிறார். அன்றைக்குக் கடைசியாக அழுத்தியது அதுதான்.

பக்கத்தில் பட்டை மடித்துக்கொண்டிருந்த பெண் என்னிடம் சொன்னது: “சத்தமே போடல. ‘ஏட்டி, நிறுத்துட்டி’ன்னு மெல்லத்தான் சொன்னாவ. நான் மாவைத்தான் சொல்லுதாவன்னு நெனச்சேன்.”

ஸ்டார்ட்டர் எதிர்ச் சுவரில், உளுந்து மூட்டைகளுக்குப் பின்னால் இருந்தது. அந்தப் பெண் மூட்டை மேல் ஏறி எட்டி அமுக்கியிருக்கிறார். அதற்கு முன்பே உருளை நின்றுவிட்டது. கை விரல்முட்டுவரை போனதும் சுமை தாங்காமல் பெல்ட் வழுக்கி, மோட்டார் மட்டும் உறுமிக்கொண்டிருந்தது. தொய்ந்த பெல்ட்டைப் பார்த்தால் நான் பராமரிப்புக் குறை என்றுதான் எழுதுவேன். அன்று உள்ளங்கை தப்பியது அந்தத் தொய்வால்.

அடுத்த பதினோரு நிமிஷமும் கை உள்ளேயே இருந்தது. மெக்கானிக்குப் போன முதல் அழைப்பையும் மருத்துவமனைக்குக் கிளம்பும்போது முதலாளி வீட்டுக்குப் போன அழைப்பையும் கைப்பேசியில் பார்த்து இந்தக் கணக்கைப் போட்டோம். முதலில் கையைப் பிடித்து இழுத்துப் பார்த்திருக்கிறார்கள். அதுதான் செய்யக்கூடாதது, நசுங்கிய விரலில் மிச்சமிருக்கும் தோலும் ரத்தக்குழாயும் அந்த இழுப்பில் உரிந்துவிடும். அப்புறம் இரண்டு பேர் உருளையைப் பிடித்துப் பின்னோக்கித் திருப்பப் பார்த்திருக்கிறார்கள். அசையவில்லை. அசையாது. மோட்டாருக்கும் உருளைக்கும் நடுவில் இருப்பது வார்ம் கியர். மோட்டார் பக்கத்திலிருந்து சுற்றினால் உருளை சுற்றும், உருளைப் பக்கத்திலிருந்து எவ்வளவு திருகினாலும் பூட்டுப் போட்டதுபோல நிற்கும். இடைவெளியைத் தளர்த்தும் போல்ட்டைக் கழற்றலாம் என்றால் அந்த அளவு ஸ்பேனர் மெக்கானிக்கின் பையில், மெக்கானிக் அம்பாசமுத்திரத்தில்.

கடைசியில் பக்கத்து சைக்கிள் கடைப் பையன் ஓடிவந்தான். மெயினை அணைத்தாச்சா என்று முதலில் கேட்டிருக்கிறான். பிறகு பெல்ட்டைக் கழற்றிவிட்டு, கியர்ப் பெட்டியின் புல்லியைக் கையாலேயே எதிர்ப்பக்கமாகச் சுற்றினான். உருளை மெல்லத் திரும்பி கையை விட்டது. யார் சொல்லிக் கொடுத்தது என்று கேட்டேன். “சைக்கிள் செயின்ல வெரல் மாட்டுனா அப்படித்தான சார் எடுக்கோம்” என்றான்.

கவனக்குறைவு என்ற சொல்

இந்த மாதிரி இடங்களில் நான் முதலில் கேட்பது ஒரு கேள்விதான்: கைக்கு அங்கே என்ன வேலை? கவனம் இருந்ததா, இல்லையா என்று ஆரம்பித்தால் பதில் கேள்விக்குள்ளேயே வந்துவிடும், விசாரணையும் முடிந்துவிடும்.

உருளையின் குறுக்களவு 15 சென்டிமீட்டர், நிமிஷத்துக்கு முப்பது சுற்று. கணக்குப் போட்டால் உருளையின் மேற்பரப்பு நொடிக்கு 23 சென்டிமீட்டருக்குச் சற்று மேல் ஓடுகிறது. பார்ப்பதற்கு மந்தமாக, ஆட்டுக்கல் சுற்றுவதுபோல இருக்கும்; பயமே வராது. ஆனால் ஏழு சென்டிமீட்டர் விரல் முழுதும் உள்ளே போக அந்த வேகத்துக்கு நொடியில் மூன்றில் ஒரு பங்கு போதும். ஒரு மனிதர் எதிர்பார்த்துக் காத்திருந்தால்கூட, கண்டு கையை அசைக்கத் தொடங்கவே கால் நொடி ஆகும். எவ்வளவு கவனமானவரானாலும் நுனி பிடிபட்ட பிறகு கவனத்தால் ஆவது ஒன்றுமில்லை. நுனி அங்கே போகாமல் இருந்திருக்க வேண்டும்.

ஏன் போனது என்று ஒவ்வொரு நூலாகப் பிடித்துப் பார்த்தேன். மூன்று நூல்கள் கிடைத்தன.

மிஷின் வந்தபோது அதன் வாயில் ஒரு மூடித்தகடு இருந்தது. பட்டறைக்குப் பின்னால் தண்ணீர்த் தொட்டியருகே அதைக் கண்டேன். ஒரு கோழி அதனடியில் அடைகாத்துக்கொண்டிருந்தது. மாவு உருண்டை அந்தத் தகட்டின் வாய்க்குள் போகாமல் அடைத்துக்கொண்டதால் ஒன்றரை வருஷத்துக்கு முன் மெக்கானிக்கே கழற்றியிருக்கிறார். முதலாளியின் சம்மதத்தோடுதான்.

தகடு போன பிறகு மாவைத் தள்ள ஒரு வேப்பங்கட்டை வைத்திருந்தார்கள். கட்டை இருந்தவரை விரல் உருளைக்குப் பக்கத்தில் போகத் தேவையே இல்லை. சென்னையில் சரக்கெடுக்கும் ஒருவர் அப்பளத்தில் மரச்சிராய் இருந்ததென்று ஒரு பெட்டியைத் திருப்பி அனுப்பினார். மறுநாள் கட்டையை அடுப்பில் போட்டுவிட்டார்கள். பதிலுக்கு ஒன்றும் வைக்கவில்லை. பதிலுக்குக் கைதான் இருந்தது.

மூன்றாவது, கையுறை. இது அதே வியாபாரி கேட்டது. மாவைக் கையால் தொடக்கூடாது, கையுறை போட்டுப் படம் எடுத்து அனுப்புங்கள் என்றிருக்கிறார். சாப்பாட்டுப் பொருளில் அது நியாயமான கோரிக்கை. வாங்கிவந்தது பரோட்டாக் கடையில் மாட்டுகிற மெல்லிய தொளதொளப் பிளாஸ்டிக் உறை. எல்லாருக்கும் ஒரே அளவு. விரல் முடிந்த பிறகும் ஒரு விரற்கடை பிளாஸ்டிக் நுனியில் தொங்கும். எண்ணெய் தொட்ட வெறுங்கை மாவிலிருந்து வழுக்கி வந்துவிடும். இந்த உறை மாவோடு ஒட்டிக்கொள்கிறது. உருளை முதலில் கவ்வியது விரலை அல்ல, உறையின் நுனியை. சுற்றும் மிஷின் பக்கம் கையுறை கூடாது என்பது லேத்தில் நிற்கும் எந்தப் பையனுக்கும் முதல் வாரமே சொல்லித் தரும் பாடம். அப்பளப் பட்டறைக்கு அதைச் சொல்ல ஆளில்லை.

ஆக, வேலை தடைபடாமல் ஓடட்டும் என்று ஒன்று, சரக்கு சுத்தமாக இருக்கட்டும் என்று இரண்டு. மூன்றிலும் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. மூன்றையும் செய்தவர்கள் யாரும் அன்றைக்கு ரோலர் முன்னால் நிற்கவில்லை, அவ்வளவுதான்.

முதலாளியிடம் இதைச் சொன்னபோது அவர் கோபப்படவில்லை. “நீங்க சொல்லுதது சரிதான் அண்ணாச்சி. ஆனா கட்டையை எடுக்கச் சொன்னப்போ அவியளும் ஒண்ணும் சொல்லலியே” என்றார். உள்ளே மடிப்பு மேசையிலிருந்து ஒரு குரல் வந்தது: “சொன்னா கேப்பியளாக்கும்?”

மருத்துவமனையில்

வெளியே எடுத்த கையில் யாரோ காப்பித்தூளை அள்ளி அப்பியிருக்கிறார்கள். ரத்தம் நிற்கும் என்ற நம்பிக்கை. ஏற்கெனவே காயம் முழுக்க உப்பும் அப்பளக்காரமும் கலந்த மாவு. அதைக் கழுவி எடுக்கவே மருத்துவர்களுக்கு வெகுநேரம் பிடித்திருக்கிறது. ஓடும் சுத்தமான தண்ணீரில் அலசி, சுத்தத் துணியால் அழுத்திக் கட்டி, கையை நெஞ்சுக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு போயிருந்தால் போதும். வளையலையும் மோதிரத்தையும் அப்போதே கழற்றிவிட வேண்டும். கை வீங்கிய பிறகு வெட்டித்தான் எடுக்க முடியும்.

பக்கத்து மருத்துவமனையில் தடுப்பூசி போட்டு, கட்டு மாற்றி, சேரன்மகாதேவி வழியாகத் திருநெல்வேலிக்கு அனுப்பினார்கள். கோயம்புத்தூருக்குக் கொண்டுபோனால் விரலை ஒட்டிவிடுவார்கள் என்று உறவுக்காரர் ஒருவர் பிடிவாதம் பிடித்திருக்கிறார். அது வெறும் பேச்சல்ல. ஜப்பானில் 1965இல் கொமாட்சுவும் தமாயும் அறுந்த பெருவிரலை நுண்ணோக்கியின் கீழ் ஒட்டவைத்த பிறகு அது உலகம் முழுக்க நடக்கிற சிகிச்சைதான். நம் மாநிலத்திலும் சென்னை ஸ்டான்லியில் மருத்துவர் வெங்கடசாமி கைக்கென்றே தனித்துறை கட்டினார். கோயம்புத்தூரும் அதற்குப் பேர்போனது. ஆனால் ஒட்டுவது கத்தி பட்டதுபோல ஒரே கோட்டில் அறுந்த விரலுக்குத்தான் நன்றாகக் கைகொடுக்கும். ரோலரில் விரல் அறுவதில்லை, நெடுக நசுங்குகிறது. முடியளவு ரத்தக்குழாய் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை சிதைந்துவிட்டால் எதோடு எதைத் தைப்பது?

ஆனாலும் இதைப் படிக்கிறவர்களில் ரம்பப் பட்டறைக்காரர்களும் இருப்பீர்கள் என்பதால் சொல்லிவிடுகிறேன். விரல் துண்டாகிவிட்டால் அதைத் தேடி எடுங்கள். சுத்தத் துணியை உப்புநீரில் நனைத்துப் பிழிந்து அதில் சுற்றி, தண்ணீர் புகாத பிளாஸ்டிக் பையில் கட்டி, அந்தப் பையை ஐஸ் போட்ட தண்ணீரில் வையுங்கள். விரல் நேராக ஐஸில் படக்கூடாது. பட்டால் உறைந்து கெட்டுவிடும். இப்படிக் குளிரில் இருந்தால் விரல் ஏறத்தாழ ஒரு நாள் தாங்கும். வெறுமனே கொண்டுபோனால் அதில் பாதிதான்.

மைனிக்குச் சுட்டுவிரலில் இரண்டு கணுவும் நடுவிரலில் ஒரு கணுவும் எடுக்கவேண்டி வந்தது. மோதிர விரலில் தோல் உரிந்த இடத்தில் தொடையிலிருந்து தோல் எடுத்து வைத்தார்கள்.

அதற்குப் பிந்தைய மாதங்களைப் பற்றி யாரும் எழுதுவதில்லை. வெட்டிய நரம்பின் நுனி முடிச்சுப்போல வளர்ந்து, பட்டாலே மின்சாரம் அடித்தது போலிருக்குமாம். மார்கழிக் காலையில் பச்சைத் தண்ணீரில் கை வைக்க முடியவில்லை. அந்தக் கூச்சம் மரக்க, முதலில் பஞ்சு, பிறகு துணி, பிறகு தானியம் என்று கையைப் பழக்கச் சொல்வார்கள். இவர் அண்டாவில் உளுந்தைக் கொட்டி, தினமும் அரை மணி நேரம் கையை அதற்குள் விட்டுத் துழாவிக்கொண்டிருந்தார். ரேஷன் கடையில் வழக்கமாக வைக்கிற விரல் இல்லை. இடது கையை வைத்துப் பார்க்கலாம் என்பது கடைக்காரருக்குத் தோன்ற இரண்டு நடை ஆனது. கோலப்பொடியைப் பெருவிரலுக்கும் மோதிர விரலுக்கும் நடுவில் பிடித்து இடுகிறார். கோடு தடிமனாக விழுகிறது என்பது அவர் குறை.

பணக் கணக்கு

சிகிச்சைச் செலவை முதலாளியே பார்த்துக்கொண்டார். அதில் குறை சொல்ல முடியாது. தகராறு இழப்பீட்டில் வந்தது. கணக்குப்பிள்ளை இரண்டு வாதம் வைத்தார். ஒன்று, கவனக்குறைவு. இரண்டு, காப்புத் தகடு இல்லாத மிஷினில் தெரிந்தே கை வைத்தார்.

முதல் வாதம் சட்டத்தில் செல்லாது. அப்போது நடப்பிலிருந்த 1923ஆம் ஆண்டு இழப்பீட்டுச் சட்டம் யார் தவறு என்று பார்ப்பதில்லை. வேலையால், வேலை நேரத்தில் காயமா என்றுதான் பார்க்கிறது. ஒன்பது பேர் பட்டறை என்பதும் அங்கே தடையில்லை. இரண்டாவது வாதத்துக்குச் சட்டத்தில் ஒரு பிடி உண்டு: பாதுகாப்புச் சாதனத்தைத் தொழிலாளியே வேண்டுமென்று கழற்றியிருந்தால் அல்லது உதாசீனப்படுத்தியிருந்தால் நிரந்தரப் பகுதி ஊனத்துக்கு முதலாளி பொறுப்பில்லை. அதனால்தான் அந்தக் கோழி முக்கியமான சாட்சி ஆனது. தகட்டின் துருவையும், மெக்கானிக் கழற்றியதற்கு எழுதிக்கொடுத்த பழைய பில்லையும் படம் எடுத்து என் குறிப்போடு வைத்தேன். வாதம் அங்கேயே உட்கார்ந்துவிட்டது.

சட்டத்தின் அட்டவணையில் ஒவ்வொரு விரலுக்கும் ஒரு விலை உண்டு. சுட்டுவிரலில் இரண்டு கணுவுக்கு 11 சதவீதம், நடுவிரலில் ஒரு கணுவுக்கு 7. கூட்டினால் 18. மாதம் 26 நாள் கூலி 10,400 ரூபாய். அதில் 60 சதவீதம் 6,240. நாற்பது வயதுக்கு உரிய பெருக்கெண் 184.17. பெருக்கி, 18 சதவீதம் எடுத்தால் 2,06,860 ரூபாய் வருகிறது. ஒரு மாதத்துக்குள் கொடுக்காவிட்டால் 12 சதவீத வட்டியும் சேரும். ஒப்பந்தம் எழுதி இழப்பீட்டு ஆணையரிடம் பதிவு செய்து ஏழு மாதத்தில் பணம் வந்தது. பெருவிரல் முழுதும் போயிருந்தால் 30 சதவீதம் என்று அட்டவணையைப் பார்த்துச் சொன்னேன். மைனி தன் பெருவிரலை ஒருமுறை பார்த்துக்கொண்டார்.

மாற்றியது

பழைய தகட்டையே துருவைத் துடைத்து மாட்டச் சொல்லியிருக்கலாம். ஒரு வாரத்தில் திரும்பக் கோழிக்குத்தான் போயிருக்கும். மாவு போகாத மூடி எந்த மிஷினிலும் நிற்காது.

அதனால் மாவை மாற்றினோம். உருண்டையாகப் போடுவதற்குப் பதில் மேசையிலேயே தட்டி, ஒன்றரை சென்டிமீட்டர் கனத்தில் பலகைபோல ஆக்கிக்கொள்வது. அப்போது மிஷினின் வாய் 20 மில்லிமீட்டர் பிளவாக இருந்தால் போதும். அந்த அகலப் பிளவுக்குள் விரல் போகும், கை போகாது. கவ்வும் இடத்திலிருந்து பிளவு குறைந்தது 120 மில்லிமீட்டர் தள்ளி இருக்க வேண்டும் என்கிறது ஐ.எஸ்.ஓ. 13857 என்ற பன்னாட்டு மிஷின் பாதுகாப்புத் தரத்தின் அளவுப் பட்டியல். நாங்கள் 150 வைத்தோம். மாவு வழுக்கி இறங்க, துருப்பிடிக்காத எஃகில் சரிவாக ஒரு தாரை, திருநெல்வேலிப் பேட்டையில் ஒரு லேத் பட்டறையில் செய்தது.

தள்ளுவதற்கு வேப்பங்கட்டைக்குப் பதில் உணவுக்கு உகந்த நைலான் பட்டை. நடுவில் ஒரு தோள் வைத்திருப்பதால் உருளையைத் தொடும் முன்பே தாரையின் விளிம்பில் முட்டி நிற்கும். நிறம் நீலம். உளுந்து மாவில் நீலத் துணுக்கு விழுந்தால் குருடனுக்கும் தெரியும். சென்னை வியாபாரிக்கு இனிச் சிராய்ப் பிரச்சினையும் இல்லை. கையுறை சரக்குக் கட்டும் மேசைக்கு மட்டும். படமும் அங்கேயே எடுத்துக்கொள்கிறார்கள்.

நிறுத்தும் பொத்தானை மிஷின் மேலேயே வைக்கலாம் என்று முதலாளி சொன்னார். வைக்கலாம்தான். அதற்கு முன் உருளையில் சுண்ணாம்புக் கோடு போட்டு, ஓடும்போது அணைத்துப் பார்த்தேன். மோட்டாரின் வேகம் அடங்க, உருளை இன்னும் அரைச் சுற்று ஓடி நின்றது. அரைச் சுற்று என்றால் 23 சென்டிமீட்டர்: விரல்நுனியில் தொடங்கி மணிக்கட்டைத் தாண்டிவிடும். பிரேக் இல்லாத பொத்தான் முழங்கையைக் காக்கும், விரலைக் காக்காது. ஆகவே பிரேக் வைத்த மோட்டார், முழங்கால் உயரத்தில் குறுக்கே ஒரு கம்பி. இரண்டு கையும் மாட்டினாலும் முழங்காலால் தள்ளினால் நின்றுவிடும். பின்னோக்கிச் சுற்ற ஒரு சுவிட்ச். போல்ட்டுக்கான ஸ்பேனரைச் சங்கிலியில் கோத்து மிஷினிலேயே தொங்கவிட்டாயிற்று.

மாவைத் தட்டும் வேலையால் நாளுக்கு இருபது நிமிஷம் கூடுதலாகிறது. முதலாளி அதைச் சொல்லிக்காட்டாமல் இருப்பதில்லை.

மைனி இப்போது எண்ணிக் கட்டும் மேசையில். ரோலருக்குத் திரும்பக் கூப்பிட்டார்கள், மாட்டேன் என்றுவிட்டார். ரோலரில் நிற்பது அன்றைக்கு மூட்டை மேல் ஏறிய பெண்.

ஆறு மாதம் கழித்து, சொல்லாமல் ஒரு நாள் போனேன். தாரை இருந்தது, நீலப் பட்டை இருந்தது. முழங்கால் கம்பியை மட்டும் சணல் கயிற்றால் இழுத்துக் கட்டியிருந்தார்கள். மூட்டை இறக்கும்போதெல்லாம் கம்பியில் பட்டு மிஷின் நின்றுவிடுகிறதாம். நியாயமான காரணம்தான், முந்தின மூன்றைப்போலவே. கயிற்றை அவிழ்த்துவிட்டு, மூட்டை அடுக்கும் இடத்தை வாசலுக்கு அந்தப் பக்கம் மாற்ற வைத்தேன். கம்பியை நாலு விரற்கடை உள்ளே தள்ளினோம். அடுத்து எப்போது வருவேன் என்று கேட்டார்கள். சொல்லவில்லை.